டிவி மூலையில் ஊதாக் கறை

திரையின் வலது மேல் மூலையில் அந்த ஊதாக் கறையை நான் பார்த்தபோது என் கையில் துப்பாக்கி இருந்தது.

பிளாஸ்டிக் துப்பாக்கிதான். அதன் அடியிலிருந்து ஒரு வயர் கிளம்பி டிவி கேம் பெட்டிக்குப் போகும். திரையில் மேலே வானம், கீழே புல். புல்லுக்குள்ளிருந்து வாத்து கிளம்பும். குறி பார்த்து விசையை இழுத்தால் தலைகீழாக விழும். ஆட்டம் அவ்வளவுதான். அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் சோறு தண்ணீர் மறந்து கிடந்தது இதற்காகத்தான்.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. நைனா பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. அம்மா தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தாள். அண்ணன் ஐசக், ஒரு நண்பன் வீட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் டிவி கேம் தொடக்கூடாது என்பது நைனாவின் சட்டம். அன்று செவ்வாயோ புதனோ.

ஒரு வாத்து இடது பக்கத்திலிருந்து கிளம்பி வலது மூலைக்குப் பறந்தது. அங்கே போனதும் ஊதாவாக மாறியது. வாத்து மட்டுமல்ல, அந்த மூலை வானமே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஊதாவாக இருந்தது. அது எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தது அப்போதுதான்.

சுடாமல் அப்படியே நின்றேன். பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். வயரைச் சுற்றிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். டிவி மேல் இருந்த குரோஷா விரிப்பு, பிளாஸ்டிக் ரோஜா, அம்மாவின் தையல் சாமான் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளியே போய் நல்ல பிள்ளையாகத் துணி மடித்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

போன வாரம் இந்தப் பத்தியில், ஒரே வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லைன் வீடுகளின் தண்ணீர்க் குழாய்ச் சண்டையை எழுதியதில் பழைய அண்டை வீட்டார் இரண்டு பேர் கோபமாக இருக்கிறார்கள் என்று கேள்வி. அதனால் இந்த வாரம் எங்கள் வீட்டுக் குற்றத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மெஷின் தானே ஆடியது

டிவி கேம் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் கேம் கடை இருந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்குப் போகிற வழியில், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், அழுக்குத் திரைச்சீலை போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே பீரோ உயரத்துக்கு மூன்று மெஷின்கள். டோக்கன் போட்டால் ஆடலாம்.

எங்கள் வீட்டு ஆண்கள் சொன்ன கதைகளில் அது ஒரு சொர்க்கம். நான் பார்த்ததெல்லாம் திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த கால்கள்தான். பள்ளிக்கூடச் செருப்பு, லுங்கி, ஷிப்ட் முடிந்து வந்தவர்களின் கறுப்பு பூட்ஸ். பெண்பிள்ளை அங்கே போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டத் தேவையும் இருக்கவில்லை.

ஒரே ஒரு தடவை போனேன். அண்ணனைக் கையோடு கூட்டிவரச் சொல்லி அம்மாதான் அனுப்பினாள். திரைச்சீலையை விலக்கினால் கொசுவர்த்தி நாற்றம், வியர்வை நாற்றம், மெஷினுக்குள்ளிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை. நீலச் சட்டை போட்ட ஒரு தொழிலாளி, கட்டை விரலில் கட்டு போட்டிருந்ததால், முட்டியை மடக்கிப் பட்டனைக் குத்திக்கொண்டிருந்தார். அண்ணன் அவருக்குப் பின்னால் வாயைப் பிளந்து நின்றான்.

ஓரத்து மெஷினில் ஆள் இல்லை. ஆனால் திரையில் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. நான் மெதுவாகப் போய்க் குச்சியைப் பிடித்தேன். இடது பக்கம் சாய்த்தேன், விமானம் இடது பக்கம் போனது. பட்டனை அழுத்தினேன், குண்டு பறந்தது. டோக்கன் இல்லாமலே எனக்கு விமானம் ஓட்ட வருகிறது என்று உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று.

வெளியே வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடிப்பாவி, ஆளில்லன்னா அது தானா ஆடிக் காட்டும். நீ சும்மா குச்சிய புடிச்சிக்கினு இருந்திருக்க."

அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்திருப்பார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது கேலியா கருணையா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் நான் விமானம் ஓட்டினேன் என்றுதான் என் கணக்கில் இருக்கிறது.

வேப்பம்பட்டின் சாம்பல் நிற டாங்கிகள்

முதன்முதலில் நிஜமாகவே ஆடியது வேப்பம்பட்டில், சித்தப்பா வீட்டில். சென்னை பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் பெட்டி. கேசட்டின் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அதே ஏழெட்டு ஆட்டங்கள் பெயரையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை.

சேனல் திருகுமிழைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவில் படம் வந்ததும் கையை எடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கேசட் தகராறு செய்தால் எடுத்து வாயால் ஊத வேண்டும். ஊதினால் சரியாகும் என்று யார் சொன்னார்கள் என்று தெரியாது. சரியாகத்தான் ஆனது.

சித்தப்பா வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. இரண்டு பேர் டாங்கி ஆட்டம் ஆடினால் உன் டாங்கி மஞ்சள், என் டாங்கி பச்சை என்று அட்டையில் போட்டிருக்கும். திரையில் இரண்டும் சாம்பல் நிறம். எது யாருடையது என்பதில் வெட்டு குத்து நடக்கும். என் டாங்கி என்று நினைத்து அண்ணனின் டாங்கியை நான் பத்து நிமிடம் ஓட்டியிருக்கிறேன். அவனும் விட்டுவிட்டான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கேம் கடை எனக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கும் வந்தது. பாவாடையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையில் எண்ணெயோடு, யார் காலும் மிதிக்காமல் ஆடலாம். அந்த விடுமுறைக்கு சித்தப்பா பெட்டியை எங்களுக்கு இரவல் கொடுத்தபோது அண்ணனைவிட நான்தான் அதிகம் குதித்தேன். எங்களிடம் இருந்தது கலர் டிவி. அப்போதுதான் வாங்கியிருந்தோம். வாத்துக்குப் பச்சைத் தலை உண்டு என்பதே எனக்குக் கும்மிடிப்பூண்டியில்தான் தெரிந்தது.

"கேம் போட்டீங்களா?"

மறுபடி அந்த நாளுக்கு வருகிறேன். சாயங்காலம் நைனா வந்து கைகால் கழுவிக்கொண்டு டிவியைப் போட்டார். செய்தி வாசிக்கிற அம்மாளின் வலது காதும் கொண்டையும் ஊதாவாக இருந்தன.

நைனா எழுந்து போய்த் திரையைத் துண்டால் துடைத்தார். பிறகு பக்கவாட்டில் தட்டினார். பிறகு திரும்பி, என்னைப் பார்க்காமல், அண்ணனை மட்டும் பார்த்தார்.

"கேம் போட்டியாடா?"

"நான் தொடவே இல்ல நைனா."

டிவி கேம் போட்டால் பிக்சர் டியூப் போய்விடும் என்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த உண்மை. நைனா அண்ணனைக் கை நீட்டி அடித்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு அறை. அண்ணன் தடுக்கவில்லை, அழவுமில்லை. நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மறுநாள் பஜாரிலிருந்து மெக்கானிக் வந்தார். தோளில் பை, காதில் பென்சில். ஸ்குரூ டிரைவரை வெளியே எடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"கேம் போட்டீங்களா?"

"ஆமாங்க, பசங்க" என்றாள் அம்மா.

அவர் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டார். "டியூபு அவுட்டுங்க. தெறந்து பாக்கிறது வேஸ்டு. டியூபு மாத்துற காசுக்கு வேற டிவியே வாங்கிக்கலாம்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். டிவியை அவர் தொடக்கூட இல்லை.

பெட்டி அன்றே வேப்பம்பட்டுக்குத் திரும்பிப் போனது. டிவி அந்தக் கறையோடு பல வருஷம் ஓடியது. வலது பக்கம் நின்ற கதாநாயகர்கள் எல்லாம் ஊதா முகத்தோடுதான் எங்களிடம் வசனம் பேசினார்கள். இப்போது நான் ஒரு பெயின்ட் கம்பெனியில் ஷேடு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஊதா வகை டப்பா வந்தால் மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது.

டிவி போனதுகூடப் பெரிதில்லை. அந்த மாதக் கடைசியில் அண்ணன் ஐடிஐ விண்ணப்பம் நிரப்பினான். ரேடியோ டிவி மெக்கானிக் என்று அழகாக எழுதியிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதுதான் ஆசை. செத்துப்போன ரேடியோவைத் தேடித் தேடிப் பிரிப்பான். நைனா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஊட்டு டிவிய கெடுத்தவன் ஊரு டிவிய ரிப்பேர் பண்ணப் போறானாம்" என்றார். அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஃபிட்டர் என்று எழுதினார்.

அண்ணன் ஃபிட்டர் ஆனான். இன்றைக்கும் ஃபிட்டர்தான். ஒவ்வொரு தடவையும் அவன் கிரீஸ் போகாத நகங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வரும். ஒரு வாத்துக்காக அண்ணனின் வாழ்க்கையையே மாற்றிவிட்டேன் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரண் மேல் சாட்சி

நைனாவும் அம்மாவும் இப்போது கவரைப்பேட்டையில் என்னோடு இருக்கிறார்கள். அண்ணன் வேப்பம்பட்டில் வீடு வாங்கிவிட்டான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் துணிப்பை. நாஷ்டா சாப்பிடக்கூட உட்காராமல் பையைக் கவிழ்த்தான்.

டிவி கேம் பெட்டி. துப்பாக்கியோடு. ஐம்பதை நெருங்குகிற மனிதன், மூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கியிருக்கிறான்.

"என் ஊட்டு டிவில போட்டேன். டாங்கி கேம் எல்லாம் ஓடுது. துப்பாக்கி மட்டும் வேலை செய்யல. கேட்டா, அது பழைய டியூபு டிவிலதான் வேலை செய்யுமாம். இந்த தட்டை டிவிக்கு அது சுடுறது தெரியாதாம்" என்றான். பிறகு மேலே பார்த்தான். "நம்ம பழைய டிவி பரண்லதானே கீது?"

நான் அவன் கவிழ்த்த துணிப்பையை எடுத்து மடித்தேன்.

இருந்தது. அம்மா எதையும் தூக்கிப் போடமாட்டாள். லைன் வீட்டிலிருந்து இந்த வீடுவரை அந்த டிவியைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து பரணில் ஏற்றி வைத்திருந்தாள். எனக்கு அது ஒரு சாட்சி மாதிரி. அது இறங்கி வந்தால் ஊதாவும் இறங்கி வரும். ஊதா வந்தால் பழைய பேச்சு வரும்.

"எலி கடிச்சிருக்கும்ணா. ஷாக் அடிக்கும். உனக்கு வேற பேஜாரே இல்லியா?" என்றேன்.

"இறக்கி பாத்துக்கலாம்."

இறக்கினான். பின்பக்கத்தைத் திறந்தான். உள்ளே பல்லி முட்டை, ஒரு விரல் கனத்துக்குத் தூசி. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு வந்து உட்கார்ந்தான். போனில் வீடியோவைப் பார்த்துக்கொண்டே உப்பிப்போன கண்டன்சர்களைக் கழற்றி வேறு வைத்தான், சால்டரிங் வைத்தான். பேசாமல், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காமல், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு வேலை செய்தான். இப்படி ஒரு சந்தோஷத்தோடு அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்குக் குற்ற உணர்ச்சி கூடிக்கொண்டே போயிற்று.

பழைய இடத்தில்

மூன்றாவது ஞாயிறு டிவியை அதே பழைய ஸ்டாண்டின் மேல் வைத்தோம். அம்மா குரோஷா விரிப்பைத் தேடிக் கொண்டுவந்து போட்டாள். நைனா நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தார்.

"டியூபு போனதுதான். அந்த மூலை ஊதாவாத்தான் தெரியும். வாத்து சுட அது போதும்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் சுவிட்சைப் போட்டான்.

டொய்ங் என்று ஒரு சத்தம். இரைச்சல். சேனலைத் திருகினான். வானம் வந்தது.

சுத்தமான நீல வானம். மூலையிலும் நீலம்தான். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். ஷேடு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். துளி ஊதா இல்லை.

"இன்னாடா இது, டியூபு தானா சரியாயிடுச்சா?" என்றார் நைனா.

"டியூபு எங்கயாச்சும் தானா சரியாவுமா?" என்றான் அண்ணன். அவன் முகம் குழம்பியிருந்தது.

"ரெஸ்டு எடுத்திருக்கும்" என்று நைனாவே தீர்ப்பு சொன்னார்.

அண்ணன் துப்பாக்கியை எடுத்து நான்கு வாத்து சுட்டான். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு யாருடைய ஜாக்கெட்டுக்கோ ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குண்டூசியை எடுத்துவிட்டு, கையில் வைத்திருந்த குண்டூசிக் காந்தத்தை, பார்க்காமலே, பழைய பழக்கத்தில், டிவி மேல் வைத்தாள்.

மூலை ஊதாவாகிவிட்டது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அடுத்த குண்டூசிக்காகக் கையை நீட்டிக் காந்தத்தைக் கொஞ்சம் இடது பக்கம் இழுத்தாள். ஊதாவும் இடது பக்கம் நகர்ந்தது. எடுத்து மடியில் வைத்தாள். ஊதா வெளுத்து ஒரு பழைய காபிக் கறை மாதிரி நின்றது.

"அம்மா, அத்த மறுபடி அங்க வை" என்றான் அண்ணன்.

வைத்தாள். ஊதா.

"எடு."

எடுத்தாள். அண்ணன் டிவியை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டான். டொய்ங். டியூபில் தங்கிய காந்தத்தை அந்தச் சத்தம்தான் கழுவுகிறது போல. நீல வானம்.

நாலு வீட்டுப் பிள்ளைகள்

அந்தக் காந்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நைனா வேலை பார்த்தது ஸ்பீக்கருக்கு வளையக் காந்தம் செய்கிற கம்பெனி. ஓரம் உடைந்து, பரிசோதனையில் தள்ளிய வளையங்களைக் கேட்டால் கொடுப்பார்கள். கேட்டில் சீட்டு காட்டிக் கொண்டுவரலாம். எங்கள் லைனில் அது இல்லாத வீடு கிடையாது. கடையில் வாங்கிய பாத்திரம் அசல் எவர்சில்வரா என்று ஒட்டிப் பார்க்க, கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவ, மூட்டு வலிக்கு முழங்காலில் கட்டிக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மாவுக்குக் குண்டூசி வைக்க.

"இது எப்போ ஊட்டுக்கு வந்துச்சி?" என்று அண்ணன் கேட்டான்.

அம்மா யோசித்தாள். "டிவி வாங்கின வருஷம். உங்க நைனா ராத்திரி கொண்டாந்து குடுத்தாரு. மறுநாளு காலைல குழாயாண்டேந்து வந்து, குண்டூசியெல்லாம் கொட்டி அதுல ஒட்டினேன். மிசினு மேல வெச்சா ஊசிய இழுக்குதுன்னு டிவி மேல வெச்சேன். அன்னிக்குதான் டிவி போச்சுன்னு உன்ன அடிச்சாரு. பாவம்."

அவளே சொல்லி முடித்துவிட்டு, சொன்னதைக் கேட்டு, ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள்.

இத்தனை வருஷம் ஏன் தெரியவில்லை என்றால், மோட்டார் வைத்த தையல் மிஷின் ஓடினால் டிவியில் கோடு கோடாக வரும். அதனால் டிவி ஓடும்போது அம்மா தைக்கமாட்டாள், அம்மா தைக்கும்போது டிவி ஓடாது. காந்தம் நகர்ந்து, ஊதாவும் கூடவே நகர்வதைப் பார்க்க எங்களுக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. மெக்கானிக் பின்பக்கம் திறக்க அந்த விரிப்பை எடுத்திருந்தாலே தெரிந்திருக்கும். கேம் என்ற ஒரு வார்த்தை கேட்டதும் அவர் பையை மூடிவிட்டார்.

நைனா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "மூணாவது ஊட்டு டிவிலயும் ஊதா இருந்துச்சி. கோடி ஊட்ல பச்சை. பாஷா ஊட்லயும்."

"அந்த ஊட்டுப் பசங்களும் அடி வாங்கினாங்க நைனா" என்றான் அண்ணன்.

எனக்கு அதற்கு மேல் அடக்கமுடியவில்லை. "ண்ணா, அன்னிக்கு மத்தியானம் கேம் போட்டது நான். நீ இல்ல. நான்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சும் சொல்லல. உன்ன அடிக்கும்போதும் பாத்துக்கினே இருந்தேன்" என்றேன்.

அண்ணன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "மத்தியானமா? நான் காலைல போட்டேன். அம்மா குழாயாண்ட போனப்போ. நடுவுல வோல்டேஜ் எறங்கி டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சி, அணைச்சிட்டு ஓடிட்டேன். நான்தான் கெடுத்தேன்னு இவ்ளோ நாளா நெனச்சிக்கினு இருக்கேன். இல்லன்னா ரெண்டு அறைய சும்மா வாங்கிக்குவேனா?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து, ஒரே குற்றத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

"அப்போ ரெண்டு பேரும் கேம் போட்டுகிறீங்க" என்றார் நைனா. "ரெண்டு பேரும் எங்கிட்ட பொய் சொல்லிகிறீங்க." முப்பது வருஷத்துக்குப் பிறகு வந்த அந்த அதட்டல் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்த வளையத்தை அம்மாவிடமிருந்து வாங்கிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். உடைந்த ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"கொண்டாந்தது நானு" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அந்த படிப்பு படிக்கவுட்டிருந்தா நீ அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்ப. நான்தான் அடிச்சி எழுதிட்டேன்."

நைனா தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "அன்னிக்கு ஒருத்தர் ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கினு வந்தாரே, நைனா, அவரு கடையில இப்போ பிரியாணி விக்கிறாங்க. பஜார்ல நாலு டிவி மெக்கானிக் இருந்தாங்க, ஒருத்தர்கூட இல்ல. நான் படிச்சிருந்தா கடைய மூடிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிருப்பேன். ஃபிட்டர்னு நீ எழுதினதாலதான் வேப்பம்பட்டுல ஊடு வாங்க முடிஞ்சுது." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "இது எனக்கு ஞாயித்துக்கெழமைக்குப் போதும்."

நைனா தலையை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டியவர், நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய், காந்தத்தை அடுப்பங்கரையில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அண்ணன் துப்பாக்கியை என்னிடம் நீட்டினான். "இந்தா. நீ பாதில வுட்டுட்டு ஓடினதுதானே."

வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. புல்லுக்குள்ளிருந்து ஒரு வாத்து கிளம்பி, பச்சைத் தலையோடு, வலது மூலைக்குப் பறந்தது. அங்கே போயும் அதன் தலை பச்சையாகவே இருந்தது. நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டேன். தப்பித்துப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.